பின்னால் ஓடிய பந்தி

மவுஸைத் தொடாமலே கிளிக் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு விண்டோ திரையில் முன்னால் இருக்கிறதா, பத்து விண்டோக்களுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறதா என்பதெல்லாம் கிளிக்குக்குக் கவலை இல்லை. ‘இந்த விண்டோவில், இந்த இடத்தில் ஒரு விரல் அழுத்தியது’ என்று ஒரு செய்தியை உள்ளே தள்ளிவிட்டால் போதும், விளையாட்டு அதை அப்படியே நம்பிவிடும். அம்புக்குறி இம்மியும் அசையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட ஒன்றும் தெரியாது. சாருமதி இதைக் கல்லூரியில் படிக்கும்போதே கற்றுக்கொண்டுவிட்டாள். கற்ற வித்தை ஒருநாள் தன் கழுத்துக்கே சுருக்காக வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

கோவையில் அந்த ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் அவளுடைய அண்ணன் சென்னியப்பன் கண்ணை மூடிக் கிடந்தார். கல்யாணச் சமையல் ஒன்றை முடித்துவிட்டுப் பாத்திரங்களோடு திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. அன்றிலிருந்து இதே கோலம்தான். மூச்சு தானாக வந்தது. மற்றபடி கூப்பிட்டால் திரும்புவதில்லை, கிள்ளினால் முகம் சுளிப்பதில்லை. தலையைச் சுற்றி மெல்லிய பட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். காதில் இயர்போன்.

“பட்டை அவர் நினைக்கறதை மோப்பம் பிடிக்கும். ‘அங்க வைக்கணும்’னு மனசுல வந்தாப் போதும், அது ஒரு கிளிக்கா மாறிடும்” என்று தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார் டாக்டர் மெஹருன்னிசா. “ஆழமாப் பதிஞ்ச பழக்கம்தான் முதல்ல திரும்பி வரும். அவருக்கு ரொம்பப் பழக்கமான விளையாட்டு எது?”

“பந்தி” என்று சாருவும் அவளுடைய அண்ணி தமயந்தியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பந்தி என்பது ஈரோட்டுப் பையன்கள் சிலர் செய்து விட்ட விளையாட்டு. திரையில் வரிசையாக வாழையிலைகள். ஆட்கள் வந்து உட்காருவார்கள். உப்பில் தொடங்கி ரசம், மோர் வரை எதை எந்த இலையில் எப்போது வைப்பது என்று கிளிக் செய்துகொண்டே போக வேண்டும். தாமதித்தால் விருந்தாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வரிசையின் கோடியில் ஒரு மதில், மதில்மேல் ஒரு காகம். அது சும்மா அழகுக்கு. கைதவறிச் சோற்றை மதிலில் வைத்தால் ‘வீண்’ என்று புள்ளி குறையும்.

சென்னியப்பன் நிஜத்தில் என்ன வேலை செய்தாரோ அதையேதான் போனிலும் விளையாடினார். சமையல் காண்ட்ராக்டர் ஒருவரிடம் பரிமாறும் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். முகூர்த்த நாளில் மூன்று பந்தி விசாரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, போனை எடுத்து நான்காவது பந்தி போடுவார். அவருடைய ஆட்கள் எல்லோரும் ஆடினார்கள். பட்டியலில் யார் மேலே என்பதில் அவர்களுக்குள் எப்போதும் ரகளைதான். தலைவர் மட்டும் கீழேயே கிடந்தார். காரணம் அந்தக் காகம். ஒவ்வொரு பந்தி தொடங்கும்போதும் முதல் பிடி சோற்றை மதிலில்தான் வைப்பார்.

“ஏனுங்கண்ணா, அது பொம்மைக் காக்காங்கண்ணா. அதுக்குப் போட்டுப் போட்டே கடைசி எடத்துல கெடக்கறீங்க” என்று சாரு கேலி செய்வாள்.

“கத்துதில்ல? அது வெறும் வயித்தோட கத்தறப்ப மனுசனுக்கு எப்படிச் சாமி எடுத்து வெக்கறது?” என்பார் அவர். வீட்டிலும் அப்படித்தான். காகத்துக்கு வைக்காமல் தமயந்தி சாப்பாடு போட்டால் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு தை மாதம் வேலை நெருக்கியது. ஆட்கள் பட்டியலில் தன்னை மிதித்துக்கொண்டு மேலே போவதைப் பொறுக்க முடியாமல் தங்கையிடம் வந்தார். “நான் இல்லாதப்பவும் ஆடற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு சாமி.” சாருவின் பழைய வித்தைக்கு வேலை வந்தது. ஆனால் கடிகாரம்போல ஒரே சீராகக் கிளிக் விழுந்தால் விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதனால் விளையாட்டைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி, அண்ணன் அதில் ஆடும்போது அவருடைய கிளிக்குகளையெல்லாம் பிடித்துவைத்தாள். எந்த இலைக்கு முன்னால் கொஞ்சம் தயங்குகிறார், ரசத்தை எப்படி இரண்டு தட்டாகத் தட்டுகிறார் என்பதையெல்லாம் புரோகிராமுக்குப் பழக்கினாள். மதிலில் விழுந்த சோறுகளை மட்டும் ‘வீண்’ என்று அழித்துவிட்டாள்.

அது ஆடுவதைச் சென்னியப்பன் கொஞ்ச நேரம் பார்த்தார். “நானே நின்னு பரிமாறற மாதிரியே இருக்குது. ஆனா என்னமோ கொறையுது சாமி” என்றார். என்ன என்று சாரு கேட்பதற்குள் போன் வந்துவிட்டது, காய்கறி வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தத் தை மாதம் முழுக்க முதல் இடத்தில் இருந்தார். பிறகு அவரே “இப்படி ஜெயிச்சா நல்லாவே இல்ல, நிறுத்திரு” என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் சாரு நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பட்டை கட்டிய முதல் சில வாரங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. கட்டிலருகே இருந்த கம்ப்யூட்டரில் டாக்டருடைய எண்களும் கோடுகளும் முன்னால் இருந்தன. விளையாட்டு பின்னால் ஓடியது. கண்ணை மூடிக் கிடப்பவருக்குப் படம் எதற்கு? பந்தியில் ஆட்கள் உட்காரும் சத்தமும், “ரசம்” என்று கேட்கும் குரலும் காதில் விழுந்தால் போதும், எந்த இலை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன! பட்டை ஒரு தும்மலுக்குக்கூடக் கிளிக் அனுப்பிவிடும் என்பதால், சரியான இலையில் சரியான பதார்த்தம் விழுந்தால் மட்டுமே கணக்கில் சேரும். மற்றதெல்லாம் பிழை என்று கழிந்துவிடும். சேர்ந்த கணக்கு பூஜ்யம். தினமும் பூஜ்யம்.

“பட்டை கொஞ்சம்தான் இருக்கு. மேலிடத்துல இருந்து அடுத்த தடவை பார்வையிட வர்றதுக்குள்ள ஒண்ணாவது வரணும். இல்லாட்டி வரிசையில இருக்கறவங்களுக்குக் குடுத்துடுவோம்” என்றார் டாக்டர். அதைக் கேட்டுத் தமயந்தி சுவரில் சாய்ந்து நின்றதைச் சாருவால் பார்க்க முடியவில்லை. அண்ணனுடைய விளையாட்டை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்ததே அவள்தான். அதே பென்டிரைவில் பழைய புரோகிராமும் இருந்தது. ஒரே ஒரு நாள், பார்வையிடல் முடியும் வரைக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஓட விட்டாள்.

பூஜ்யம் ஒன்றானது, பத்தானது, மளமளவென்று ஏறியது. டாக்டர் ஓடிவந்தார். கோடுகளை உருட்டி உருட்டிப் பார்த்தார். “அந்தத் தயக்கத்தைப் பாருங்க. மெஷின் இப்படித் தயங்காது. இது மனுஷன்” என்றார். ஆமாம், மனுஷன்தான். போன வருஷம் நன்றாக இருந்த மனுஷன். தமயந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதை நிறுத்துவது?

அதிலிருந்து தமயந்தி கணவனோடு பேச ஆரம்பித்துவிட்டாள். காதோரம் குனிந்து பேசுவாள், நிமிர்ந்து எண்ணைப் பார்ப்பாள். எண் வேகமாக ஏறினால் சந்தோஷம், மெதுவாக ஏறினால் கோபம். மகள் ஜோதி மெட்ராஸ் போய்ப் படிக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். அந்த நேரம் பார்த்துப் பந்தியில் கூட்டம் அதிகம், எண் பறந்தது. “அப்பாவே அனுப்பச் சொல்லீட்டாரு” என்று மகளை ரயிலேற்றிவிட்டு வந்தாள். தான் எழுதிய புரோகிராம் ஒரு பெண்ணின் படிப்பை முடிவு செய்ததைப் பார்த்துக்கொண்டு சாரு பேசாமல் நின்றாள்.

வராண்டாவில் இன்னொருவர் இருந்தார். பட்டைக்காக அடுத்து வரிசையில் இருந்த காலேஜ் பெண்ணின் அப்பா. தினமும் சாருவைப் பார்த்து, “அண்ணன் நல்லா முன்னேறி வர்றாராமா? சந்தோசம்மா” என்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனசாரச் சொல்வார்.

“ஆனா இந்த ஆஸ்பத்திரியில காக்காத் தொல்லை ஜாஸ்தி சாரு” என்றாள் தமயந்தி ஒரு மத்தியானம். “உங்கண்ணன் காதுகிட்டக் குனிஞ்சாப் போதும், கா கான்னு ஒரே எரைச்சல். வர வர அதிகமாயிட்டே போவுது.”

“ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூடித்தான இருக்குதுங்க அண்ணி” என்றாள் சாரு. அவளுக்கு அப்போது காகத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அன்று காலையில்தான் டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொல்லியிருந்தார். இவ்வளவு நன்றாகக் கிளிக் செய்கிறவருக்கு வெளிப்பட்டை போதாது, மண்டையைத் திறந்து உள்ளேயே ஒரு சிப் வைக்கலாம், கையைக்கூட அசைக்க வாய்ப்புண்டு. ஆபத்தும் உண்டு. ஆனால் எண்ணைப் பார்த்தால் துணிந்து செய்யலாம். தமயந்தி உடனே சம்மதித்துவிட்டாள். நாளை மறுநாள் ஆபரேஷன்.

சாரு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். சொன்னால் பட்டை போய்விடும், அண்ணனுக்கு இருக்கும் கடைசி வாசலும் அடைபட்டுவிடும். சொல்லாவிட்டால், தான் சொன்ன பொய்யை நம்பி அண்ணனின் மண்டையைத் திறப்பார்கள். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தப்ப வழி இல்லை. எழுந்து போய் டாக்டரை அழைத்துவந்தாள். அண்ணியின் முன்னாலேயே சொல்லிவிட்டாள். விண்டோ, புரோகிராம், பென்டிரைவ் எல்லாவற்றையும்.

டாக்டர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நாளை மறுநாள் நான் கத்தியை எடுத்திருப்பேன். வெளியில ஒருத்தர் மகளுக்காகக் காத்துட்டிருக்கார். புரியுதா உங்களுக்கு?” என்றார். பிறகு, “பட்டையைக் கழட்டணும். எனக்கு வேற வழி இல்லை” என்றார்.

தமயந்தி அழுவாள் என்று சாரு எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. “அப்ப இத்தன நாளா நான் உன்ற புரோகிராமோடவா பேசிட்டு இருந்தேன்? ஜோதிய அனுப்பச் சொன்னது நீயா?” என்றாள். சாருவுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“டாக்டரம்மா, கழட்டுங்க. ஆனா அதுக்கு முன்னால, நான் யாரோட பேசீட்டு இருந்தேன்னு எனக்குக் காட்டச் சொல்லுங்க.”

இத்தனை நாளில் பின்னால் ஓடும் அந்த விண்டோவை யாருமே முன்னால் கொண்டுவந்து பார்த்ததில்லை. டாக்டருக்கு எண் போதும். சாருவுக்கோ பார்க்கத் தைரியமில்லை. இப்போது மவுஸைப் பிடித்து அதை முன்னால் கொண்டுவந்தாள்.

இலைகள் தெரிந்தன. உப்பும் பொரியலும் சோறும் படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. அண்ணனுடைய அதே தயக்கம், ரசத்துக்கு அதே இரண்டு தட்டு. வரிசையின் கோடியில் மட்டும் மதிலைக் காணவில்லை. அங்கே கறுப்பாக ஏதோ இருந்தது. திரை பழுதாகிவிட்டதோ என்று சாரு முதலில் நினைத்தாள். அந்தக் கறுப்பு அசைந்தது.

காகங்கள். மதில் தெரியாத அளவுக்குக் காகங்கள். மதிலில் இடமில்லாமல் பந்தல்மேல், கம்பத்தின்மேல், சமையல்கூடத்து ஓட்டின்மேல், தண்ணீர்த் தொட்டி விளிம்பில் எல்லாம் காகங்கள் உட்கார்ந்திருந்தன. ஈரோட்டுப் பையன்கள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேடிக்கை செய்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு பிடி சோறு போட்டால் இன்னொரு காகம் வரும். விளையாட்டை மூடினால் எல்லாம் பறந்துபோகும் என்பதால் ஒன்றிரண்டுக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. இங்கேயோ விளையாட்டை மூடவே இல்லை.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார்ந்தது. கறுப்புக் கூட்டத்தின் நடுவில் ஒரு பிடி வெள்ளைச் சோறு விழுந்தது. ‘வீண்’ என்று எழுத்து வந்து மறைந்தது. எங்கிருந்தோ இன்னொரு காகம் வந்து இறங்கியது.

“இது என் புரோகிராம் இல்லைங்க டாக்டர்” என்றாள் சாரு. “அதுக்கு மதில்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. நான்தான் அதை அழிச்சேன்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “பிழைன்னு கழிஞ்சது எல்லாம் இதுதானா? ஆரம்பத்துல இருந்தே நிறைய வந்துச்சு. ஆனா தும்மல், இருமல்னாக்கூட கிளிக் வரும்மா. இதை வெச்சு நாம...”

“ஏனுங் டாக்டரம்மா, மனுசன் பந்திக்குப் பந்தி, பந்தி தொடங்கறப்ப மட்டும், ஒரே எடத்துலயேவா இருமுவான்?” என்றாள் தமயந்தி.

டாக்டர், பட்டை அனுப்பிய கிளிக்குகளைத் தனியாகப் பிரித்து எடுக்கச் சொன்னார். சாரு பிரித்தாள். எல்லாம் மதில்மேல். முதல் நாட்களில் அவர் அந்த ஒரு பிடியை எடுத்து வைக்கவே ஒரு பந்தி நேரம் முழுக்க ஆகியிருந்தது. அதற்குள் விருந்தாளிகள் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு நாளாக ஆகச் சீக்கிரமாகிக்கொண்டே வந்திருந்தது.

“சரி, காக்காய்க்கு வெச்சவர் இலையில ஏன் ஒண்ணுகூட வெக்கலை?” என்றார் டாக்டர்.

சாருவுக்கு விடை சட்டென்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அழுகை பொங்கியது. “வெக்க நான் எங்கீங்க விட்டேன்? அவரு காக்காய்க்கு வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள என் புரோகிராம் எல்லா எலைக்கும் வெச்சுருது. ஒரு எலைகூட மிச்சமில்ல. பாவம், கையில எடுத்துட்டு நின்னுட்டே இருந்திருக்காரு.”

தமயந்தி மெதுவாகக் குனிந்து கணவன் காதிலிருந்து ஒரு இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவள் இத்தனை நாளாகக் கேட்ட அதே இரைச்சல். “காக்காத் தொல்லைன்னு நான்வேற திட்டீட்டு இருந்தனே” என்றாள். இப்போதுதான் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. முகம் மட்டும் சிரித்தது.

“ஆபரேஷன் இப்ப இல்லை” என்றார் டாக்டர். “பட்டை இருக்கட்டும். நீங்க செஞ்சதை நான் மேல சொல்லித்தான் ஆகணும், சாருமதி. அதுல மாற்றமில்லை.” காகங்களைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில், “பூஜ்யம்னு பட்டையைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பினவங்க இருக்காங்க. அவங்களோட பிழைகளையும் இனி எடுத்துப் பார்க்கணும். எண் மட்டும் பார்க்காம, ஒவ்வொருத்தர் விண்டோவையும் திறந்து பார்க்கணும்” என்றார். எழுந்து வராண்டாப் பக்கம் போய், அந்தக் காலேஜ் பெண்ணின் அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“உங்க புரோகிராமை நிறுத்துங்க” என்றார் உட்கார்ந்துகொண்டே.

சாரு நிறுத்தினாள். படபடப்பு ஓய்ந்தது. புதிய பந்தி உட்கார்ந்தது. வெறும் இலைகள். கிளிக் இல்லை. எண்ணும் நின்றுவிட்டது. ஏதாவது செய்ய வேண்டும், ஒரே ஒரு உப்பாவது வைத்துவிட வேண்டும் என்று சாருவின் விரல் துடித்தது. தமயந்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ பண்ணுனது தப்பு. அத நான் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டேன்” என்றாள். “ஆனா நீ இந்தப் பட்டையப் புடிச்சு வெக்காம இருந்திருந்தா இந்தக் காக்காயெல்லாம் வந்திருக்காது. இப்பக் கைய எடு சாமி. அவரு வெக்கட்டும்.”

சாரு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மதில் பக்கம் ஒரு பிடி சோறு விழுந்தது. காகங்கள் கலைந்து உட்கார்ந்தன. விருந்தாளிகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவர் எழுந்தார், பிறகு பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். ஒவ்வொருவராக முகத்தைத் தூக்கிக்கொண்டு போக, கடைசி இலையில் ஒரே ஓர் ஆள் மட்டும் மிச்சம்.

தமயந்தி கட்டில்மேல் குனிந்தாள். எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை, கணவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“ஏனுங்க, காக்காய்க்கு வெச்சாச்சில்லீங்க? எலையெல்லாம் காலியாத்தான் இருக்குது. இனி யாரும் உங்களுக்கு முன்னால வெக்க மாட்டாங்க. மெதுவா வைங்க.”

கடைசி ஆளும் எழுந்திருக்கப் போகிறவர்போல ஒரு காலை நகர்த்தினார். அப்போது அவருடைய இலையின் மூலையில், மிகவும் மெதுவாக, கொஞ்சம் உப்பு விழுந்தது. அவர் மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.